சிறை மரண எண்களைப் பிழையில்லாமல் படிக்க: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து ஊரான கொழிஞ்சாம்பாறையில் கைதிகளின் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. போன கோடையில் ஒரு கல்லூரி மாணவர் மடிக்கணினியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "அண்ணா, சிறையில் ஒரு வருடத்தில் ஆயிரத்துக்கு மூன்றரைப் பேர்தான் இறக்கிறார்கள். வெளியே ஆறு பேர். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் ஆயுசு கெட்டி போலிருக்கிறது" என்றார்.

அவர் சொன்ன இரண்டு எண்களும் அரசின் எண்களே. வகுத்ததிலும் பிழையில்லை. முடிவு மட்டும் முற்றிலும் தவறு. இதே பள்ளத்தில் வழக்கறிஞர்களும் உள்ளூர் நிருபர்களும் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்தால் விழ வேண்டியதில்லை. பெரும்பாலான தவறுகள் நான்காம் படியைச் செய்யாமல் ஆறாம் படிக்குத் தாவுவதால் வருகின்றன.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

"சிறையில் எத்தனை பேர் இறந்தார்கள்?" ஒரு கேள்வி. "சிறையில் இருப்பவருக்கு இறக்கும் அபாயம் எவ்வளவு?" வேறொரு கேள்வி. "வெளியே இருந்திருந்தால் இவ்வளவு பேர் இறந்திருப்பார்களா?" மூன்றாவது. "சிறைவாசம் ஆயுளில் எத்தனை ஆண்டுகளைத் தின்கிறது?" நான்காவது.

முதல் கேள்விக்கு அட்டவணையைப் பார்த்தால் போதும். இரண்டாவதற்கு ஒரு வகுத்தல் வேண்டும். மூன்றாவதற்கு வயதுவாரிக் கணக்கு வேண்டும். நான்காவதற்கு நம் நாட்டு அரசு அட்டவணைகளை வைத்து விடை காண முடியாது. ஏன் முடியாது என்பதை எட்டாம் படியில் சொல்கிறேன். கேள்வியை எழுதாமல் தொடங்குபவர்கள் முதல் கேள்விக்கான எண்ணை எடுத்து நான்காவதற்கான விடையாக எழுதிவிடுகிறார்கள்.

2. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் இந்தியச் சிறைப் புள்ளிவிவர அறிக்கை வேண்டும். உங்களுக்கு வேண்டிய ஆண்டின் அறிக்கையோடு அதற்கு முந்தைய ஆண்டினதையும் எடுத்துவையுங்கள். காரணம் நான்காம் படியில் தெரியும்.

தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவுத் திட்ட அறிக்கை இரண்டாவது. மாநிலவாரியாக, ஆண் பெண் வாரியாக, ஐந்தைந்து வயதுப் பிரிவுகளுக்கு இறப்பு விகிதம் அதில் இருக்கிறது. மூன்றாவது, விபத்து மரணங்களும் தற்கொலைகளும் பற்றி அதே காப்பகம் வெளியிடும் அறிக்கை.

செய்தித்தாள் நறுக்குகளையும் கைப்பேசியில் வந்த படங்களையும் வைத்துத் தொடங்க வேண்டாம். அட்டவணையின் அடிக்குறிப்பு அந்தப் படங்களில் வராது. எந்த மாநிலம் விவரம் தரவில்லை, எது பழைய ஆண்டின் எண் என்பதெல்லாம் அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

3. யாரை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள்

சிறை அறிக்கையில் வருபவை நீதிமன்றக் காவலில் நேர்ந்த மரணங்கள். காவல் நிலைய லாக்கப்பில் இறந்தவர் இதில் வரமாட்டார். அவருக்குத் தனி அட்டவணை, தனி அறிக்கை. இரண்டையும் கூட்டி "காவல் மரணம்" என்று எழுதினால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

சிறையிலிருந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, காவலர் துணையோடு படுக்கையில் இருந்து இறந்தவர் கணக்கில் உண்டு. ஆனால் நோய் முற்றியதும் ஜாமீன் கிடைத்து வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் இறந்தவர் சிறைக் கைதியாக இறக்கவில்லை. அவர் கணக்கில் இல்லை. சிறை மரண விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிய இது ஒரு காரணம். என்னிடம் வந்த ஒரு அக்காவின் கணவர் இப்படித்தான் போனார். "அவர் பெயர் எந்தக் கணக்கில் வரும் தம்பி?" என்று கேட்டார். ஊராட்சியின் இறப்புப் பதிவேட்டில் மட்டும் வரும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

எல்லையோரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மாநில எண் என்பது சிறை இருக்கும் மாநிலத்தைக் குறிக்கிறது. கேரளத்து வேலந்தாவளத்துக்காரர் கோவை மத்தியச் சிறையில் இருந்து இறந்தால் அது தமிழ்நாட்டுக் கணக்கு. பொள்ளாச்சிக்காரர் மலம்புழாவில் உள்ள பாலக்காடு மாவட்டச் சிறையில் இறந்தால் அது கேரளக் கணக்கு. இறப்பும் நேர்ந்த இடத்தில்தான் பதிவாகும். சான்றிதழுக்குச் சொந்த ஊராட்சியில் போய் நின்று பயனில்லை.

ஆந்திரத்துச் சித்தூர், நகரிப் பக்கத்து நண்பர்களுக்கு: ஆந்திராவின் எண்களைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னோக்கி இழுக்கும்போது 2014இல் நிறுத்துங்கள். அதற்கு முன் உள்ள எண்ணில் தெலங்கானாவும் சேர்ந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் "2014க்குப் பின் சிறை மரணம் சரிந்தது" என்று ஒரு கட்டுரையே எழுதியவர் உண்டு. சரிந்தது மாநிலத்தின் பரப்பு.

கடைசியாக ஆண்டு. காப்பகத்தின் அறிக்கை ஜனவரி முதல் டிசம்பர் வரை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் எண்கள், நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் வாசிப்பவை, பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரை. காவலில் நேரும் எந்த மரணத்தையும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையம் 1993 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. அந்தத் தகவல்களிலிருந்து வருவது ஆணையத்தின் எண். இரண்டு எண்களும் பொருந்தாததைக் கண்டு ஏதோ மறைக்கிறார்கள் என்று குதிக்கும் முன் எந்த ஆண்டு என்று பாருங்கள்.

4. வகுக்கும் எண்ணை முடிவு செய்யுங்கள்

2021ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சிறைகளில் 2,116 பேர் இறந்தார்கள். இதை எதால் வகுப்பது?

அந்த ஆண்டில் சிறைக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் சுமார் 18 லட்சம் பேர். அதால் வகுத்தால் ஆயிரத்துக்கு 1.2 வருகிறது. டிசம்பர் 31 அன்று உள்ளே இருந்தவர்கள் 5,54,034. அதால் வகுத்தால் 3.8. ஒரே மரணங்கள்தான், ஆனால் விகிதம் மூன்று மடங்கு மாறுகிறது.

முதல் வகுத்தல் தவறு. மூன்று நாள் ரிமாண்டில் இருந்து வெளியே போனவரும் ஆண்டு முழுவதும் கிடந்தவரும் அதில் ஒரே தலையாக எண்ணப்படுகிறார்கள். மூன்று நாள் இருந்தவருக்கு அங்கே இறக்க இருந்த அவகாசமே மூன்று நாள்தான். நமக்கு வேண்டியது அந்த ஆண்டு முழுவதும் சராசரியாக எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பது.

தினசரி சராசரி கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் இரண்டு ஆண்டு இறுதி எண்களின் சராசரியை எடுங்கள். 2020 டிசம்பர் 31இல் 4,88,511 பேர். 2021 டிசம்பர் 31இல் 5,54,034 பேர். சராசரி சுமார் 5,21,270. இப்போது விகிதம் ஆயிரத்துக்கு 4.06. கோவிட் காலத்தில் பலரை வெளியே அனுப்பிவிட்டுப் பிறகு மறுபடி நிரப்பியதால் ஆண்டு இறுதி எண்ணை மட்டும் நம்பியிருந்தால் விகிதம் குறைந்து தெரிந்திருக்கும்.

இதே முறையில் 2022க்கும் பாருங்கள். இறந்தவர்கள் 1,995. ஆண்டு இறுதியில் இருந்தவர்கள் 5,73,220. சராசரி 5,63,627. விகிதம் 3.54. மாணவர் கொண்டுவந்த மூன்றரை இதுதான்.

5. "இயற்கை" என்ற பத்தியை அப்படியே நம்பாதீர்கள்

2022இல் இறந்த 1,995 பேரில் 1,773 பேர் இயற்கை மரணம், 159 பேர் இயற்கைக்கு மாறான மரணம். கூட்டிப் பாருங்கள். 63 பேர் குறைகிறார்கள். அவர்களின் மரணக் காரணம் அறிக்கை வரும்வரை முடிவாகவில்லை. இந்த மூன்றாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு கூட்டல் இடிக்கிறது. 2021இல் அப்படி 52 பேர்.

இயற்கை மரணத்துக்குள் நோய், முதுமை இரண்டும் அடக்கம். 2022இல் 1,670 பேர் நோயால், 103 பேர் முதுமையால். நெஞ்சுவலி என்று இரவில் கதவைத் தட்டியவரை விடிந்த பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், அவர் இறந்ததும் "நோய்" என்ற கட்டத்தில் போய் விழுவார். இந்தப் பிரிவினை தெளிவாக இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2017 செப்டம்பரில் சிறை நிலைமைகள் குறித்த வழக்கில் சொன்னது. உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்காமல் இறந்தால் அது இயற்கையா, இல்லையா என்று கேட்டது. ஆகவே "இயற்கை மரணம் 89 சதவீதம்" என்று எழுதலாம். "89 சதவீதத்தில் யார் மீதும் தவறில்லை" என்று எழுத முடியாது. அட்டவணை அதைச் சொல்லவில்லை.

எந்தக் கட்டத்தில் போட்டாலும், நீதிமன்றக் காவலில் நேரும் மரணத்துக்கு நீதித்துறை நடுவரின் விசாரணை உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1அ) பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 196ஆம் பிரிவு. குடும்பத்தினர் கேட்டு வாங்க வேண்டியது அந்த விசாரணை அறிக்கையை.

6. வயதைச் சரிசெய்யுங்கள்

மாணவர் விழுந்த இடம் இதுதான்.

மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 2020இல் நாட்டின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 6.0. தமிழ்நாட்டில் 6.1. கேரளத்தில் 7.0. நாட்டிலேயே நீண்ட ஆயுளுக்குப் பெயர் போன கேரளத்தில் இறப்பு விகிதம் அதிகம்! காரணம் எளிது. அங்கே முதியவர்கள் அதிகம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பாட்டி இருக்கிறார். வளைகுடாவுக்கும் கோவைக்கும் போன பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். இழவு வீடுகள் இங்கே அதிகம் விழுவதால் இந்த மண்ணில் ஆயுசு குறைவு என்று யாரும் சொல்வதில்லை.

சிறை இதற்கு நேர் எதிர். அங்கே பிறந்த முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகள் இல்லை. எண்பது வயதுக்காரர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் 18க்கும் 50க்கும் இடைப்பட்ட ஆண்கள். இந்த வயதில் வெளியே இறப்பு மிகக் குறைவு. எனவே மூன்றரையை ஆறோடு வைத்துப் பார்ப்பது கல்லூரி விடுதியை ஊரோடு ஒப்பிடுவது போல.

சரியான கேள்வி: இதே வயது ஆண்கள் இதே எண்ணிக்கையில் வெளியே இருந்திருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? கணக்கு இப்படி. எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை, எந்தச் சிறையையும் குறிக்கவில்லை.

ஒரு மாநிலத்தில் 8,000 கைதிகள். 18 முதல் 30 வரை 3,500 பேர், 30 முதல் 50 வரை 3,500 பேர், 50க்கு மேல் 1,000 பேர். சிறை அறிக்கை வயதை இந்த மூன்று பெரிய துண்டுகளாகத்தான் தருகிறது. வெளியே ஆண்களின் இறப்பு விகிதம் முறையே ஆயிரத்துக்கு 1.5, 3.5, 12 என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் மரணங்கள் 5.25, 12.25, 12. கூட்டினால் 29.5. சிறையில் உண்மையில் இறந்தவர்கள் 36. இதை 29.5ஆல் வகுத்தால் 1.22. வெளியே எதிர்பார்ப்பதைவிட 22 சதவீதம் கூடுதல்.

அதே சிறையின் மொத்த விகிதம் 4.5 மட்டுமே. வெளியே உள்ள 6.1ஐவிடக் குறைவு. வயதைச் சேர்த்ததும் கதை தலைகீழாகிவிட்டது.

கவனமாக இருக்க வேண்டிய இடம் மூன்றாவது துண்டு. நான் 12 என்று போட்டது 50 முதல் 64 வரையிலான ஆண்களுக்கு உரிய விகிதம் போல. வெளியே 50க்கு மேற்பட்ட எல்லாரையும் சேர்த்தால் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களும் வந்துவிடுவார்கள். விகிதம் 32 ஆகிறது என்று வையுங்கள். எதிர்பார்க்கும் மரணம் 49.5 ஆகும். வகுத்தால் 0.73. சிறை ஒரே நொடியில் ஆரோக்கிய நிலையமாகிவிடும். எந்த வயது எல்லையை எடுத்தீர்கள் என்று எழுதாமல் இந்த எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள்.

ஆண்களின் விகிதத்தையே எடுங்கள். 2022 இறுதியில் சிறையில் இருந்த பெண்கள் சுமார் 4 சதவீதம்தான். ஆண் பெண் சேர்ந்த விகிதத்தை எடுத்தால் எதிர்பார்ப்பு குறைந்து, சிறை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். தவறு நமக்குச் சாதகமாக விழுந்தாலும் தவறுதான்.

7. தற்கொலையைத் தனியாகக் கணக்கிடுங்கள்

2022இல் சிறைகளில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 119 பேர். லட்சத்துக்கு 21. அதே ஆண்டில் நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 12.4. ஆனால் நாட்டின் கணக்கில் வகுக்கும் எண்ணில் தொட்டில் குழந்தையும் இருக்கிறது. வயது வந்த ஆண்களோடு ஒப்பிட்டால் இடைவெளி சுருங்கும்.

மாநில அளவில் எழுதுபவர்கள் நாட்டின் 12.4ஐப் பயன்படுத்தவே கூடாது. 2022இல் கேரளத்தின் விகிதம் 28.5, தமிழ்நாட்டின் விகிதம் 25.9. வெளியிலேயே இவ்வளவு இருக்கும் மாநிலத்தில் சிறையை நாட்டின் சராசரியோடு நிறுத்திப் பார்த்தால் சிறைமேல் இல்லாத பழி விழும்.

8. "கைதிகளின் ஆயுட்காலம்" என்று எழுதாதீர்கள்

ஆயுட்காலம் என்பது இறந்தவர்களின் வயதைக் கூட்டி வகுப்பதல்ல. இன்றைய வயதுவாரி இறப்பு விகிதங்கள் அப்படியே நீடித்தால், இன்று பிறக்கும் லட்சம் குழந்தைகள் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்ற கணக்கு அது. 2016 முதல் 2020 வரையிலான அட்டவணைப்படி இந்தியாவுக்கு 70.0 ஆண்டுகள்.

சிறையில் யாரும் பிறந்து கிழவராகும்வரை இருப்பதில்லை. நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். வருவார்கள், போவார்கள். எனவே பிறப்பு முதல் இறப்பு வரையிலான அட்டவணையை அங்கே போட முடியாது. தகவல் உரிமை மனுவில் பத்துப் பேரின் வயதைப் பெற்று, கூட்டிப் பத்தால் வகுத்து, "கைதிகளின் ஆயுள் 52" என்று எழுதுபவர் கல்லூரி விடுதியில் இறந்தவர்களின் வயதை வைத்து மாணவர்களின் ஆயுள் 20 என்று சொல்பவருக்குச் சமம்.

ஆயுளில் எத்தனை ஆண்டு போகிறது என்று அறிய, வெளியே வந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் பரோலில் வந்தவர்களைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வு அப்படிச் செய்தது. சிறையில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆயுளில் 2 ஆண்டு குறைவதாகக் கணக்கிட்டது. அந்த எண்ணைத் தூக்கிவந்து கேரளத்து வியூர்ச் சிறைக்கும் தமிழ்நாட்டு வேலூர்ச் சிறைக்கும் ஒட்ட வேண்டாம்.

9. ஒரே சிறையின் ஒரே ஆண்டை வைத்து விகிதம் போடாதீர்கள்

400 பேர் இருக்கும் மாவட்டச் சிறையில் ஓர் ஆண்டு ஒருவர் இறந்தால் விகிதம் 2.5. மறு ஆண்டு இருவர் இறந்தால் 5. "மரணம் இரட்டிப்பு" என்று தலைப்பு வந்துவிடும். பத்து மரணம் என்பதுகூட, தற்செயலை மட்டும் கணக்கில் எடுத்தால், 5 முதல் 18 வரை எங்கும் நின்றிருக்கக்கூடிய எண். ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். முடியாவிட்டால் விகிதம் வேண்டாம், ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்.

10. தகவல் உரிமை மனு: எல்லையில் செய்யும் பிழைகள்

கட்டணம் 10 ரூபாய். கேரளத்துச் சிறைத் துறைக்கு மனு அனுப்ப கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். ஆனால் கேரளத்து ஸ்டாம்ப். கோவைக்குப் போனபோது அங்கேயே வாங்கி ஒட்டி அனுப்பி, மனு திரும்பி வந்து ஒரு மாதம் வீணானவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் ஸ்டாம்பைக் கத்தியால் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்து, இதை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா என்று கேட்டார்.

"ஏன் இத்தனை பேர் இறந்தார்கள்?" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்வதும் சராசரி போட்டுத் தருவதும் தகவல் அலுவலரின் வேலையல்ல. பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். ஆண்டுவாரியாகத் தினசரி சராசரிக் கைதிகள், இறந்தவர்களின் எண்ணிக்கை, ஒவ்வொருவருக்கும் வயது, விசாரணைக் கைதியா தண்டனைக் கைதியா, சிறைக்கு வந்த தேதி, இறந்த தேதி, இறந்த இடம், பதிவான காரணம். பெயர் கேட்க வேண்டாம். தனியுரிமை என்று சொல்லி மொத்த மனுவையும் தள்ள அது வழி கொடுக்கும். வந்த தேதியும் இறந்த தேதியும் முக்கியம். முதல் மாதத்திலேயே எத்தனை பேர் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. உள்ளே ஒருவர் நோயோடு இருக்கும்போது அவரைப் பற்றிய தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்ற விதி உண்டு. அதைப் புள்ளிவிவரம் கேட்கப் பயன்படுத்தாதீர்கள். உண்மையில் உயிருக்குப் போராடுபவரின் மனு வரும்போது அந்த விதியின் மதிப்புக் குறையும்.

கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுத உரிமை உண்டு. பதில் மலையாளத்தில் வந்தால் பத்தித் தலைப்புகளை மட்டுமாவது தெரிந்தவரிடம் படித்துக் கேளுங்கள். "சராசரி"ப் பத்தியை "மொத்தம்" என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் உழைத்தவர் என் எதிரே உட்கார்ந்திருந்த அதே மாணவர்.

11. வாக்கியத்தை எழுதுங்கள்

ஒரு வாக்கியத்தில் ஆண்டு, இடம், எந்தக் காவல், எதால் வகுத்தது, எதோடு ஒப்பிட்டது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். மாணவர் மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதியது இது: "2022இல் இந்தியச் சிறைகளில் நீதிமன்றக் காவலில் 1,995 பேர் இறந்தார்கள். ஆண்டின் சராசரிக் கைதிகள் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் ஆயிரத்துக்கு 3.5. கைதிகளின் வயதும் பாலினமும் பொதுமக்களிலிருந்து வேறுபடுவதால் இதை நாட்டின் இறப்பு விகிதத்தோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது."

"இதில் தலைப்புக்கு ஒன்றும் இல்லையே அண்ணா" என்றார். காரணம் முடிவாகாத அந்த 63 பேரைப் பற்றி எழுதலாமே என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டார்.